அறை அறையாக வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்டு வேலை பார்க்கும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பாடாங் செராயில் ஒரு தாமான் வீட்டில் குடியிருக்கிறோம். மூன்று அறை, அடுப்படிக்குப் பின்னால் ஒரு ஸ்டோர். வாடகை குறைவு என்று அந்த ஸ்டோரை நான் எடுத்துக்கொண்டேன். இணையம் பொருத்த வந்தவர் ரூட்டரை வாசல் பக்கம் டிவிக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். நடுவில் நான்கு செங்கல் சுவர், என் அறைக்கு வைஃபை எங்கே வரும்? எவன்டா படம் இறக்குவது என்று வாரம் ஒரு சண்டை. கடைசியில் 100 எம்பிபிஎஸ் லைனை 300க்கு மாற்றினோம், மாதாமாதம் கூடுதல் பணம் வேறு. என் அறையில் வந்தது பழைய 8தான்!

அப்புறம்தான் கேபிள் இழுத்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். ரூட்டரிலிருந்து வரும் ஒரு கேபிளைப் பல அறைக்குப் பிரித்துக் கொடுக்கும் எட்டுத் துளை கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்ச் பெட்டி ஒன்று, கேட் 6 ரக இணைய கேபிள், பிளாஸ்டிக் கேசிங், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 50 வெள்ளிக்குள் முடிந்தது. (100 மீட்டருக்குள் கேட் 5இ கேபிளே கிகாபிட்டுக்குப் போதும், கடையில் அதுதான் இருந்தால் அதையே வாங்குங்கள்.) ஆனால் ஒன்று, முதலில் மலிவாக ஒரு சுருள் வாங்கி ஏமாந்தோம். கத்தியால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்துக்குச் செம்பு பூசியிருக்கிறார்கள். அது இரண்டு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும், சுரண்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டால், "சுவர்ல துளை போட்டா டெபாசிட் கிடையாது தம்பி" என்று சொல்லிவிட்டார். சரி, ஏர்கான் குழாய் போகிற பழைய துளை வழியாகவும் கதவு ஓரமாகவும் கொண்டுபோனோம். சீலிங்கில் போடலாம் என்றால் எலி. செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்கள், எங்கள் சீலிங்குக்கு யார் வளர்ப்பது?

போட்ட பிறகும் தொல்லை விடவில்லை. ஓர் அறையில் மட்டும் 95க்கு மேல் ஏறவே இல்லை. பிளக்கைப் பிரித்துப் பார்த்தால் பழுப்புக் கம்பி சரியாக உட்காரவில்லை. 100க்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், அதனால்தான் வேலை செய்வது போலவே காட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் ஒருவர் தன் பழைய ரூட்டரைக் கொண்டுவந்து சுவிட்சில் சொருக, பாதி வீட்டுக்கு இணையம் போய்விட்டது. ஒரே தெருவில் இரண்டு பேர் வீட்டு நம்பர் கொடுத்தால் தபால்காரர் என்ன செய்வார், அதே கதைதான். பழைய ரூட்டரில் டிஎச்சிபியை, அதாவது போனுக்கும் கணினிக்கும் நம்பர் கொடுக்கும் வேலையை, அணைத்த பிறகுதான் சரியானது. அதையும் மிஞ்சியது ஒரு ஞாயிற்றுக்கிழமை: கூட்டிப் பெருக்கிய நண்பர் சும்மா தொங்கிய கேபிள் முனையைப் பாவம் என்று சுவிட்சிலேயே சொருகிவிட்டார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்! அனுப்பியதே சுற்றிச் சுற்றி வந்து மொத்த வீடும் நின்றுபோனது, கண்டுபிடிக்க எனக்கு மூன்று மணி நேரம்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே ஒரு கேபிள் கேட்டார், நான் கொடுக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இங்கே மத்தியானத்துக்கு மேல் விழுகிற இடி அவருக்குத் தெரியாததா, வெளியே தொங்கும் செம்புக் கம்பி வழியாக இரண்டு வீட்டுச் சாமானும் கருகிப்போகும்.

இப்போது ஸ்டோரிலும் 280 வருகிறது. ஒருவர் நைட் ஷிப்டு முடிந்து வந்து ஆன்லைனில் டிப்ளோமா படிக்கிறார், வகுப்பு நடுவில் அறுந்துபோவதில்லை.

ஐயா, அறை அறையாக வாடகைக்கு விடுகிறவர்கள் பெயின்ட் அடிக்கும்போதும் மின்கம்பி மாற்றும்போதும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு வெற்றுக் குழாயாவது சுவரில் புதைத்து வையுங்கள். மின்கம்பி போகும் குழாயில் அல்ல, தனிக் குழாயில். கேபிளை நாங்களே இழுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டுக்கார அம்மாவும் இந்தப் பத்திரிகைதான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஸ்டோர் அறை வாடகைக்காரன்,
பாடாங் செராய், கெடா.