நன்றி மடல்: மடிப்புத்தான் கடன்

பினாங்கு, பட்டர்வொர்த், பிறை வட்டார ரசிகர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு எங்கள் நகைச்சுவை நாடகம் முடிந்தது. ஞாயிறு முழுவதும் தூங்கினேன். இன்று வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான்கு நாள் ஆறப்போட்டால் வார்த்தைகள் ஒழுங்காகிவிடும். அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாடகத்துக்குச் சில நாள் முன்பு, ஓர் இரவில் எங்கள் சாமான் அறைக்குள் தண்ணீரும் சேறும் புகுந்தது உங்களுக்குத் தெரியும். படங்களையும் பார்த்தீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு “நாடகம் இல்லை, மன்னிக்கவும்” என்று ஒரு செய்தி அனுப்பினேன். மூன்றாம் நாள் மாலை “நாடகம் உண்டு, வாருங்கள்” என்று இன்னொன்று அனுப்பினேன். அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. மண்டபத்தைத் திறந்துவிட்ட தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியைக்கு, பலகையும் ஆணியும் கொடுத்துக் கணக்கை நாடகம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்ற சீனத் தவுக்கேக்கு (கடை முதலாளிக்கு), அந்தப் பலகைகளை ஒரே இரவில் கதவும் சன்னலுமாக்கிய மலாய்த் தச்சருக்கு, லாரியோடு பாலம் கடந்து வந்த பிறைத் தம்பிமார்களுக்கு, விளக்குகளை இரவல் தந்த சக குழுவினருக்கு, மூன்று நாளும் சாப்பாடு அனுப்பி வைத்த நாசி கண்டார் கடைக்காரருக்கு, எங்கள் ஆறு நடிகர்களின் வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்த பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கு. முன்பதிவு செய்திருந்த 180 பேரில் ஒருவர்கூட டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. 25 வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட்டில் நகராண்மை அனுமதி, மண்டப வாடகை, ஒலி, ஒளி எல்லாவற்றையும் சமாளிக்கிற ஒரு குழுவுக்கு அது எவ்வளவு பெரிய தாங்கல் என்பதைக் குழு நடத்துகிறவர்கள் அறிவார்கள். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தனியாக வந்து நன்றி சொல்வேன்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் வேறு ஒருவர். அவர் பலகை தரவில்லை, பணமும் தரவில்லை. எழுபத்திரண்டு தாள்களைத் தந்தார்.

எங்கள் குழுவில் வசனம் எடுத்துக் கொடுக்கிற அக்காவை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். பதினொரு வருடமாக, எந்த ஊரில் நாடகம் போட்டாலும், மக்கள் எங்கே சிரித்தார்கள் என்பதைப் பிரதியின் ஓரத்தில் குறித்து வருகிறார். ஒரு கோடு என்றால் புன்னகை, இரண்டு கோடு என்றால் சிரிப்பு, வட்டம் என்றால் கைதட்டல், பெருக்கல் குறி என்றால் அசைவே இல்லை. பக்கத்தில் ஊரின் முதல் எழுத்தும், எத்தனை மூச்சு நேரம் பேச்சை நிறுத்த வேண்டும் என்ற எண்ணும் இருக்கும். பேனாவைத் தொடவே விடமாட்டார். சிரிப்பு ஊருக்கு ஊர் மாறும், அழித்து எழுத வசதி வேண்டும் என்பார்.

நகைச்சுவை நாடகத்தில் அந்த மூச்சுக் கணக்குதான் உயிர். சிரிப்பு ஏறுகிறபோது அடுத்த வசனத்தைப் பேசினால் அது யார் காதிலும் விழாது. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி சில்லிட்டுப் போகும். ஏறி, உச்சிக்குப் போய், பாதி இறங்குகிறபோது அடுத்த வார்த்தை விழ வேண்டும். அது எவ்வளவு நேரம் என்று மேடையில் நிற்கிறவர் ஊகிக்கக் கூடாது, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண் பார்க்கும் காட்சியில், மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருவார்கள் என்று பாட்டி கேட்கிறார். பேரன் ‘பிறகு’ என்பதை மலாயில் “நந்தி” என்கிறான். பாட்டி உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு கையைக் கூப்புகிறார். கெடா மாநிலத்துக் கூலிமில் பையன் வாயைத் திறந்தவுடனே சிரிப்பு வந்துவிடும். பினாங்கில் பாட்டி கை கூப்பிய பிறகுதான் வரும். ஒரே வசனம், ஒரே நடிகர்கள், ஆனால் நிறுத்த வேண்டிய இடம் வேறு. அக்காவின் பிரதியில் ‘கூ’ என்று ஒரு வரியிலும் ‘பி’ என்று அடுத்த வரியிலும் இருக்கும்.

வசனம் என் கணினியில் இருக்கிறது, எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்தக் குறிகள் உலகத்தில் ஒரே ஒரு பிரதியில்தான் இருந்தன. அதுவும் போய்விட்டது என்று தெரிந்தபோதுதான் காலையில் அந்த முதல் செய்தியை அனுப்பினேன். அக்கா அழவில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிரதி உண்மையில் போகவில்லை. அக்கா அதைப் பாட்டி வேடத்துச் சேலைக்குள் சுற்றிவைக்கும் வழக்கமுள்ளவர். அந்த அவசரத்தில் யாருக்கும் அது நினைவில்லை. சேற்றில் ஊறிய உடைகளை மூட்டை மூட்டையாகக் கட்டி, ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் டோபி காட் என்ற சலவைக்காரர் வட்டாரத்தில் ஒரு கடையில் போட்டுவிட்டு வந்தோம். கடைக்காரரை எனக்கு முன்பின் தெரியாது. எழுபதை நெருங்கிய மனிதர். ‘மீட்க முடிந்ததை மீட்டுக் கொடுங்கள் ஐயா’ என்று சொன்னதோடு சரி.

மூன்றாம் நாள் மாலை உடைகளை எடுக்கப் போனேன். வேட்டி, சேலை, போலீஸ்காரர் உடுப்பு எல்லாம் மடித்து அடுக்கியிருந்தன. அவற்றைத் தொடவிடாமல் முதலில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினார். “சேலைக்குள் இது இருந்தது அம்மா. வேண்டிய காகிதமோ, வேண்டாத காகிதமோ, எனக்குத் தெரியவில்லை. ஓரமெல்லாம் யாரோ பொறுமையாகக் கோடு போட்டிருந்தார்கள். அதனால் வேண்டியதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.”

பிரித்துப் பார்த்தேன். அச்சு மை கரைந்து நீலமும் கறுப்புமாகப் பரவியிருந்தது. பாதி வசனங்கள் படிக்க முடியாத கறை. ஆனால் பென்சில் கோடு ஒன்றுகூட அசையவில்லை. மை தண்ணீரில் கரையும், பென்சில் கரி கரையாது. இத்தனை வருடம் பென்சிலோடு வாழ்ந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஒரு தாளை எடுத்துக் காட்டியே விளக்கினார். ஊறிய தாளை விரலால் இழுக்கக் கூடாதாம், கிழிந்துவிடும். வெளுத்த துணியைப் போட்டுக் கொடுக்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறையை வெட்டி, ஈரத் தாளின்மேல் பரப்பி நீவினால் தாள் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே தூக்கினால் அடுத்த தாளிலிருந்து தானாகப் பிரிந்து வரும். அதைச் செய்தித்தாள்மேல் கவிழ்த்து, பிளாஸ்டிக்கை உரித்து, மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். முக்கால்வாசி காய்ந்த பிறகு மேலே பருத்தித் துணி போட்டு, சூடு குறைத்த இஸ்திரிப் பெட்டியால் அழுத்தாமல் தடவ வேண்டும். எழுபத்திரண்டு தாள்கள். கடை வேலை முடிந்து, இரண்டு இரவுகள்.

எங்கே கற்றீர்கள் என்றேன். “2017 நவம்பரில்” என்றார். அந்த மாதம் 4ஆம் தேதி இரவு பெய்த மழையை இந்தத் தீவில் யாரும் மறந்திருக்க முடியாது. வீட்டுக்குள் ஆறு வந்துவிட்டது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கல்யாணப் படங்கள், அப்பாவின் பழைய கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் அவரும் மனைவியும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார்களாம். “அப்போது நிறையக் கிழித்துவிட்டேன். கிழித்துக் கிழித்துத்தான் கை பழகியது” என்றார். அவர்கள் வீட்டில் கிழிந்த தாள்களின் விலையில் எங்கள் தாள்கள் பிழைத்தன. இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

41ஆம் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு காட்டினார். வலது ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு வடிவத்தில் ஒரு பழுப்புத் தீய்ச்சல். “மன்னித்துவிடுங்கள் அம்மா. துணியை விலக்கி இந்த வரியைப் படித்துவிட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைத் தூக்க மறந்துவிட்டேன்.”

எந்த வரி தெரியுமா? மாப்பிள்ளையின் உடையைப் பெண்ணின் தகப்பனார் மெச்சுகிற இடம். அதற்கு மாப்பிள்ளையின் அப்பா சொல்கிற பதில்: “சட்டை சொந்தம்தான் சம்பந்தி, மடிப்புத்தான் கடன்.” பதினொரு வருடத்தில் இந்த வரிக்கு எந்த ஊரிலும் யாரும் சிரித்ததில்லை. ஓரத்தில் வரிசையாகப் பெருக்கல் குறிகள். அவற்றுக்குக் கீழே அக்காவின் கையெழுத்தில் “எடுத்துவிடலாமா?” என்று ஒரு கேள்வியும் இருந்தது. தீய்ச்சல் சரியாக அந்தக் கேள்விமேல் விழுந்திருந்தது.

“மடிப்புக்குக் காசு பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மாப்பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா அம்மா? சிலருக்கு இப்போது பேரப்பிள்ளைகளே இருக்கிறார்கள்” என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று நாளில் நான் சிரித்தது அப்போதுதான். கடை வாசலில் நின்றபடியே அந்த இரண்டாவது செய்தியை உங்களுக்கு அனுப்பினேன்.

பொட்டலத்தை அக்காவின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தடவிப் பார்த்தார். பிறகு அழுதார். பிறகு பென்சில் கேட்டார்.

சனிக்கிழமை உங்கள்முன் நாங்கள் ஆடியது அந்தப் பிரதியை வைத்துத்தான். புதிதாக அச்செடுத்த தாள்களில் எல்லாக் குறிகளையும் பெயர்த்து எழுத நேரம் இல்லை. கறை படிந்த தாள்களையே மடியில் வைத்துக்கொண்டு, அழிந்த வசனங்களை மனப்பாடமாக அக்கா எடுத்துக் கொடுத்தார். பாட்டி கை கூப்பிய பிறகுதான் நீங்கள் சிரித்தீர்கள். குறியில் இருந்தபடி இரண்டு மூச்சு.

இந்த ஊருக்கு நாடகம் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்து ஆடின. அவற்றைப் பார்த்துத்தான் மலாய் மக்களின் பங்சாவான் என்ற இசை நாடகம் இதே பினாங்கில் பிறந்தது. பங்சாவான் நடிகர்களில் பெரும்பாலோர் எழுதிய வசனத்தைப் பேசவில்லை. கதைப்போக்கைத் தெரிந்துகொண்டு மேடையிலேயே பேச்சைக் கட்டினார்கள். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் பாட்டும் கோமாளித்தனமுமாகச் சபையை நிறைத்தார்கள். அந்தக் கோமாளிகள் எந்த இடத்தில் எத்தனை மூச்சு நிறுத்தினார்கள், ஜார்ஜ்டவுன் மக்கள் எதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்பதெல்லாம் அவர்களோடு போய்விட்டது. அதை நினைத்தால் எனக்குத் துக்கமாக இருக்கும். நாளைக்கே நாங்கள் இந்தக் குழுவை மூடினாலும், இந்த மாநிலத்துத் தமிழர்களும் கெடாத் தமிழர்களும் பதினொரு வருடம் எங்கெங்கே சிரித்தார்கள் என்பது ஓர் எழுபத்திரண்டு தாளில் இருக்கும். அந்தத் தாள்கள் இருப்பது ஒரு சலவைக் கடையின் வெளிச்சத்தில் இரண்டு இரவு கண்விழித்த ஒருவரால்.

அவர் பெயரைப் போட அனுமதி கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூலியாக உடைகளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார், தாளுக்கு எடுக்கவில்லை. நாடகத்துக்கு வாருங்கள் ஐயா, முன்வரிசை இருக்கை வைக்கிறேன் என்றேன். “சனிக்கிழமை ராத்திரியா? ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குப் போகிறவர்களின் துணியெல்லாம் அப்போதுதான் வரும் அம்மா” என்றார். நாற்பது வருடமாக இந்த ஊரில் அவர் ஒரு நாடகமும் பார்த்ததில்லை. நாம் எல்லோரும் வெளுத்த சட்டையோடு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அவர் நின்றுகொண்டிருக்கிறார். இது இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை.

எனவே, குழுவில் எல்லோரையும் கேட்டு இதை முடிவு செய்தோம். தீபாவளி வேலை நெருக்கடி முடிந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, அவர் கடைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற முற்றத்தில் இதே நாடகத்தை ஆடுகிறோம். டோபி காட்டில் வேலை செய்கிறவர்களுக்காகத்தான் அந்த ஆட்டம். நீங்களும் வரலாம், டிக்கெட் கிடையாது. கொடிக்கயிற்றில் தொங்கும் விரிப்புகள்தான் பக்கத் திரை, அதற்கு அவரே சம்மதம் தந்துவிட்டார். அக்கா இப்போதே 41ஆம் பக்கத்தின் ஓரத்தில், தீய்ச்சலுக்குப் பக்கத்தில், ‘டோ.கா. – 3 மூச்சு’ என்று மெதுவாக எழுதி வைத்திருக்கிறார். நாலு வேண்டும் என்கிறார் மாப்பிள்ளையின் அப்பாவாக நடிக்கிறவர்.

நாற்காலி இருக்காது. பாய் கொண்டு வாருங்கள்.

நன்றியுடன்,
குழுவினர் எல்லோர் சார்பிலும்,
உங்கள் இயக்குநர்
பினாங்கு