தொடர்பு கிடைக்காத இரண்டு நாட்கள்

முத்தையன்கட்டு, இடதுகரை
தை மாதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் தம்பியும் சுகம். நீயும் மருமகனும் பேரனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். பக்கத்து வளவு மாமியின் மகள் அடுத்த கிழமை கனடாவுக்குத் திரும்புகிறாள். மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பொதிக்குள்தான் இந்தக் கடிதமும் வரும்.

கிழமைக்கு நான்கு நாள் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். சொல்ல வேண்டியதைப் போனில் மூன்று தரம் தொடங்கினேன். முதல் தரம் பேரன் பக்கத்தில் இருந்தான். இரண்டாம் தரம் நீ கதையை மாற்றிவிட்டாய். மூன்றாம் தரம் என் தொண்டை அடைத்த இடத்தில் சிக்னலும் நின்றுவிட்டது. நான் அழுதது உனக்குத் தெரியாது. "அம்மா, கேட்கிறதா, கேட்கிறதா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய்.

கார்த்திகை அடைமழையைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாய்க்கால் கரையில் நின்ற பெரிய பாலை மரத்தின் கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தது. அன்று மத்தியானமே மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் போனால் போன் கோபுரம் பற்றரியில் சில மணித்தியாலம் ஓடும், பிறகு அதுவும் அடங்கிவிடும். சிம் போட்டு வீட்டுக்கு இணையம் எடுக்க நீ அனுப்பிய சின்ன ரவுட்டர் இருட்டும் வரை எரிந்துகொண்டிருந்தது. ஆனால் கோபுரமே இல்லாதபோது அது எதைப் பிடித்துத் தரும்? அப்பாவின் சின்னப் போனில் சார்ஜ் நிறைய இருந்தும் சேவை இல்லை என்றே காட்டியது. நாங்கள் ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தோம். அடுப்பில் கஞ்சி காய்ச்சினேன். அப்பா வரம்பு உடைந்துவிடும் என்று மண்வெட்டியோடு வயலுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். குளத்தில் நீர்மட்டம் ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்து தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். எங்களுக்கு அது மழைக்காலத்து இரண்டு நாள், அவ்வளவுதான்.

உனக்கு அது எப்படிப்பட்ட இரண்டு நாள் என்பது பிறகுதான் தெரிந்தது. வவுனியாவில் சித்தப்பாவை எழுப்பியிருக்கிறாய். கிளிநொச்சியில் மாமாவை எழுப்பியிருக்கிறாய். கிராம அலுவலரின் இலக்கத்தை யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறாய். கடைசியாக ஒட்டுசுட்டான் சந்தியில் தையல் கடை வைத்திருக்கும் பெடியனிடம், எப்படியாவது போய்ப் பார்த்துவிட்டு வா என்று அழுதிருக்கிறாய். அந்த நேரம் அங்கே சிக்னல் திரும்பியிருந்தது.

அவன் வந்தான், மகள். இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்கு, அந்த மழையில், மோட்டார் சைக்கிளில் வந்தான். வாய்க்கால் வளைவில் தனியன் யானை நின்றிருக்கிறது. சைக்கிளை அப்படியே விழவிட்டுத் திரும்பி ஓடி, மதகுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் குந்தியிருந்திருக்கிறான். யானை காட்டுக்குள் இறங்கிய பிறகு நடந்தே வந்து படலையைத் தட்டினான். "அக்கா உங்களைத் தேடுகிறா" என்றான். வேறு பேச்சு வரவில்லை. துவாயால் தலையைத் துடைத்துவிட்டேன். கை நடுங்கியது, அவனுக்கும் எனக்கும். அவனுடைய தாய்க்கு மிச்சமாக இருக்கிற ஒரே பிள்ளை அவன். மூத்தவனை 2009இல் கடைசிப் போரில் மாத்தளனில் இழந்தவள் அவள். அன்று இரவு யானை ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் நான் எந்த முகத்தோடு அவள் வாசலுக்குப் போவேன்? நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை, இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் நான் தாய் இல்லை.

உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதே. 2006 ஆவணியில் சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை மூடியபோது நீ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்தாய். விடுமுறைக்கு வருவாய் என்று உனக்குப் பிடித்த பயற்றம் பணியாரம் சுட்டு வைத்திருந்தேன். பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில்தான் நம் கதை நடந்தது. சொந்தக் குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். ஒட்டாமல் கொடுக்க வேண்டும். யாரும் வாசிக்கலாம். நீ சுகம், நாங்கள் சுகம், மாடு கன்று போட்டது. அதற்கு மேல் என்ன எழுத முடியும்? 2008 மார்கழியில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டோம். அதன் பிறகு அந்தத் தாளும் இல்லை. முகாமிலிருந்து ஒருவரிடம் கொடுத்தனுப்பிய துண்டுக் கடிதம் உன் கைக்கு வரும் வரை, நாங்கள் இருக்கிறோமா என்றுகூட உனக்குத் தெரியாது. அந்த மாதங்களில் நீ என்ன சாப்பிட்டாய், எங்கே படுத்தாய் என்று நீ இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எங்கள் சத்தம் நின்றால் உனக்கு அந்தக் காலம் திரும்பி வருகிறது. அது எனக்குத் தெரியும்.

மீள்குடியேறி வந்த 2010இல் தம்பி வாங்கிய முதல் சிம் நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் ஒரு கோடும் கிடையாது. குளக்கட்டில் ஏறி, தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் இரண்டு கோடு. பின்னேரத்தில் ஊரே அங்கே நிற்கும். ஆளுக்காள் தள்ளி நின்று, ஆனால் எல்லோர் கதையும் எல்லோருக்கும் கேட்கும்படி பேசுவார்கள். உன் கலியாணப் பேச்சு முழுவதும் அந்தக் குளக்கட்டில் நின்றுதான் நடந்தது. 2020இல் பாடசாலைகள் மூடியபோது அதே குளக்கட்டில் பிள்ளைகள் பாயை விரித்து, ஒரு போனைச் சுற்றி ஆறு பேர் இருந்து வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தை எழுதினார்கள். கொப்பி காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். அந்தக் காட்சி எனக்கு மறக்காது.

இப்போது நீ அனுப்பிய ரவுட்டர் சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கிறது. ஆனால் அது வந்த பிறகு நான் கட்டு ஏறுவதில்லை. முதலில் அது வீட்டுக்குள் வேலை செய்யவில்லை. தகரக் கூரை சிக்னலை மறிக்கிறது என்று தம்பிதான் கண்டுபிடித்தான். பொலித்தீன் பையில் போட்டு முற்றத்து மாமரத்தில் கட்டிவிட்டான். மரத்தில் அது கோபுரத்தைப் பிடிக்கும், வீட்டுக்குள் போன் அதைப் பிடிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் வெயில் படுகிற கிளையில் கட்டிவிட்டான். காற்றும் போகாமல் சூடேறி பற்றரி வீங்கிவிட்டது. வீங்கிய பற்றரி தீப்பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னார், உடனே மாற்றினோம். இப்போது நிழல் பக்கத்தில், தகரப்பேணிக்குப் பதிலாக, அடிப்பக்கம் திறந்த ஒரு பனையோலைப் பெட்டியில் தொங்குகிறது. தகரம் என்றால் திரும்பவும் மறித்துவிடும் அல்லவா? பக்கத்து வளவில் உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறேன். விடிய நான்கு மணிக்கு எழும்பி, மலிவான இரவு டேட்டாவில் கடந்தகால வினாத்தாள்களை இறக்குகிறார்கள். நீ ரீலோட் போடும் காசில் அதுவும் நடக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் இந்தப் பெட்டி எல்லா நேரமும் பேசும் என்று நம்பிவிடாதே. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் அன்று உப்புநீரில் எரியும் விளக்கை உனக்குக் காட்ட எவ்வளவு பாடுபட்டேன்! சிலாவத்தைக் கடலில் எடுத்த தீர்த்தத்தில் எரிகிற விளக்கை நீ சின்ன வயதில் என் தோளில் இருந்து பார்த்தாய், பேரனும் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். கோயிலைச் சுற்றி அத்தனை சனம், அத்தனை பேர் கையிலும் போன். போன் கோபுரம் ஒன்றுதான், அதில் உள்ள இடத்தை எல்லோரும் பங்குபோட்டால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. நீ பார்த்தது என் சேலைக் கரையும் அசையாமல் நின்ற ஒரு மஞ்சள் புள்ளியும்தான். 2022ஐ நினைத்துப் பார். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, கோபுரத்து ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. அப்போதும் பல நாள் பேசாமல்தான் இருந்தோம், பிறகு பேசினோம்.

போனை நான் குறைத்துச் சொல்லவில்லை. போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்துத்தான் மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். தம்பி சந்தியில் டோர்ச் அடித்துக்கொண்டு நின்றான். இப்போது கதிர் பால் பிடிக்கிற நேரம், யானை இறங்குகிறது. காவல் கொட்டிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் மிஸ்ட் கால் கொடுக்கிறார்கள். இரண்டு மணி அடித்து நின்றால் யானை மேற்கே, மூன்று என்றால் வாய்க்கால் பக்கம். அப்பா அந்தச் சின்னப் போனைப் பொலித்தீனில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு போகிறார். அந்த நேரம் நீ கூப்பிட்டால் அவர் எடுக்காததும் அதனால்தான்.

இனி இப்படிச் செய்வோம், மகள். தொடர்பு போனால் நீ ஒரு குறுஞ்செய்தி போட்டுவிட்டுப் பொறு. கதை போகாத இடத்திலும், கோபுரம் ஒரு கணம் உயிர் பெற்றால் அது வந்து சேரும். நானும் 'சுகம்' என்ற ஒரு சொல்லை அனுப்புவேன். இரண்டு இரவு பொறு. மூன்றாம் நாள் பகலில், பகலில் மட்டும், கிராம அலுவலரைக் கூப்பிடு. இரவில் யாரையும் இந்தப் பாதையில் அனுப்பாதே. உண்மையில் ஏதாவது நடந்தால் தம்பி மாங்குளம் வரை போயாவது ஏ9 பாதையில் நின்று உனக்குச் சொல்வான். அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். உன்னிடமிருந்து எதையும் மறைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். அப்பாவின் நெஞ்சு வலியை நான்கு நாள் மறைத்தது என் பிழை. அதனால்தான் நீ எங்கள் 'சுகம்' என்ற சொல்லை நம்புவதில்லை. இனி மறைக்க மாட்டேன்.

நேரம் கிடைக்கும்போது தையல் கடைப் பெடியனின் தாய்க்கு நீயே ஒரு தரம் பேசு. காசு அனுப்பாதே, வாங்க மாட்டாள். பேசு.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவேன், அங்கே சனி இரவு எட்டரை. இந்தக் கடிதத்தை வாசித்து முடித்திருந்தால் அதைப் பற்றிப் பேச வேண்டாம், உன் சமையலறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன். அப்பா, அங்கே மழையா பனியா என்று கேட்பார். பேரனை யன்னலைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லச் சொல். மிளகாய்த்தூள் இம்முறை கூடுதலாக உறைக்கும், அவனுக்குப் பார்த்துப் போடு.

இப்படிக்கு,
அம்மா