மலைக் குடியிருப்புகளில் செல்போன் சார்ஜ்: பேனல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள எல்லையை ஒட்டிய ஆனைமலை, உடுமலை, அமராவதி மலைப்பகுதிகளில் மின்கம்பி எட்டாத குடியிருப்புகளுக்குச் சோலார் பேனலும் விளக்கும் வழங்கும் படங்கள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. கொடுப்பவர்களின் நல்ல மனதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், பேனல் கூரைமேல் அப்படியே இருக்கும். கீழே போன் எல்லாம் செத்துக் கிடக்கும். சோலார் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். கெடுவது எது, ஏன் கெடுகிறது என்பதை விவரமாகச் சொன்னால் அடுத்து கொடுப்பவர்களுக்குப் பயன்படும் என்றே எழுதுகிறோம்.

2017 மே மாதம் கேரளம் முழுமையாக மின்வசதி பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2018 ஏப்ரல் 28-ஆம் தேதியோடு நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டது என்று மத்திய அரசு அறிவித்தது. அந்தக் கணக்கில் ஒரு கிராமத்தில் பத்தில் ஒரு வீட்டுக்கும், பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கும் இணைப்பு இருந்தாலே போதும். அடிவாரத்து ஊருக்குக் கரன்ட் இருந்தால், அதே கிராம எல்லைக்குள் மேலே இருக்கும் குடிக்கும், அதாவது மலைவாழ் மக்களின் குடியிருப்புக்கும், இருப்பதாகவே கணக்கு. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராமசபை பரிந்துரைத்தால் மின்கம்பிக்கும் மரபுசாரா எரிசக்திக்கும் காட்டில் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான இடத்தைத் தர வழி செய்கிறது. அந்த வழியில் கம்பி வரட்டும். வரும்வரை போனுக்கு என்ன வழி?

போன் இல்லாமல் இன்று மலையில் ஒன்றும் நடப்பதில்லை. வங்கி ஓடிபி, பிரசவத்துக்கு 108, கீழே படிக்கப் போன பிள்ளையின் விடுதியிலிருந்து வரும் அழைப்பு, பாதையில் யானை நிற்கிறது என்ற தகவல் எல்லாமே போனில்தான். விளக்கு இல்லாவிட்டால் அடுப்பு வெளிச்சத்தில் ஒரு இரவு ஓடிவிடும். பிரசவ வலி எடுத்த நேரத்தில் போன் அணைந்திருந்தால் அதற்கு மாற்று கிடையாது.

முதலில் தேவையைக் கணக்குப் போட வேண்டும். 5000 எம்ஏஎச் ஸ்மார்ட்போன் பேட்டரியில் அடங்குவது ஏறக்குறைய 19 வாட் அவர் (ஒரு வாட் அவர் என்பது ஒரு வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓட வேண்டிய மின்சாரம்). வழியில் சூடாகிப் போவதையும் சேர்த்தால் 25. அதாவது கரன்ட் பில்லில் ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு. பட்டன் போனுக்கு 5 வாட் அவர் போதும். முப்பது வீடுள்ள ஒரு குடியில் ஸ்மார்ட்போன் 25, பட்டன் போன் 15 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு முறை என்றால் நாளொன்றுக்குச் சுமார் 340 வாட் அவர். 100 வாட் பேனல் இரண்டு இருந்தால், நல்ல வெயிலில் எல்லா இழப்பும் போக 550 வரை கிடைக்கும். அடைமழையில் அது 150-க்கு இறங்கும். இவ்வளவுதான் தேவை. வீட்டுக்கு ஒன்றாக முப்பது சின்னப் பேனலைக் கொடுத்து, முப்பது இடத்தில் பழுது பார்க்க ஆள் தேடுவதைவிட, அங்கன்வாடியிலோ சமுதாயக்கூடத்திலோ பொதுவாக ஒரு சார்ஜிங் பெட்டி வைப்பது நல்லது. வீட்டு விளக்கு தனியாக இருக்கட்டும்.

பெட்டி முழுக்க 12 வோல்ட்டிலேயே ஓட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறோம், பெரும்பாலான இடங்களில் தவறு நடப்பது இங்கேதான். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், அதில் 230 வோல்ட், அதில் வழக்கமான போன் சார்ஜர் என்று மாட்டிவிடுகிறார்கள். போன் ஒன்றுகூடச் சொருகாமல் சும்மா இருக்கும்போதே சின்ன இன்வெர்ட்டர் 8 வாட் இழுத்தால், இரவும் பகலும் சேர்த்து 190 வாட் அவர் காலி. ஏழு போனுக்கான சார்ஜ் அது. காரில் சொருகும் 12–24 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர் எந்த ஆட்டோ உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். அதற்கான சாக்கெட்டைப் பலகையில் வரிசையாகப் பொருத்தி, அதில் சார்ஜரைச் சொருகினால் போதும். பொது இடத்தில் முதலில் தேய்ந்து ஆடத் தொடங்குவது யுஎஸ்பி வாய்தான். சால்டரிங் வைத்த போர்டாக இருந்தால் போர்டையே கழற்றிக்கொண்டு உடுமலைக்கோ மறையூருக்கோ இறங்க வேண்டும். சொருகும் சார்ஜராக இருந்தால் பள்ளிப் பிள்ளைகூட மாற்றிவிடும்.

பேனலை நேராகப் போனுக்குக் கொடுப்பதும் நடக்கிறது. 12 வோல்ட் பேனல் என்று சொன்னாலும் லோடு, அதாவது கரன்ட் எடுக்கும் பொருள், இல்லாதபோது அதில் 22 வோல்ட் நிற்கும். நேராகக் கொடுத்தால் போன் போர்டு போய்விடும். நடுவே வோல்ட்டை இறக்கித் தரும் 5 வோல்ட் மாட்யூல் வைத்தாலும் வேறு சிக்கல். மேகம் கடக்கும்போதெல்லாம் வோல்ட் விழும், சார்ஜ் அறும், மறுபடி ஏறும். ஒவ்வொரு முறையும் திரை எரிந்து அணையும். மேகமூட்டமான நாளில் இப்படி வைத்த போனில் மாலையில் பார்த்தால் காலையில் இருந்ததைவிடக் குறைவாகக்கூட இருக்கும். நடுவில் ஒரு பேட்டரி கட்டாயம் வேண்டும்.

எந்த பேட்டரி? சமவெளியில் வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும், ஆசிட் ஊற்றிய டியூபுலர் பேட்டரி நல்லதுதான். ஆனால் ஜீப் போகாத குடிக்கு அதைத் தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும். 100 ஏஎச் டியூபுலர் நாற்பது கிலோவை ஒட்டி வரும். சரிவில் சாய்ந்தால் ஆசிட் கொட்டும். மேலே போனபின் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காது, ஓடைத்தண்ணீரை ஊற்றுவார்கள், அதிலுள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட் 50 ஏஎச் ஆறு, ஏழு கிலோதான். அதில் 500 வாட் அவர் வரை பயமில்லாமல் எடுக்கலாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். விலை கூடுதல் என்றாலும் மலைக்கு இதுதான் சரி என்பது எங்கள் கருத்து.

இதிலும் ஒரு கோளாறு உண்டு. பேட்டரி அடிவரை இறங்கினால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் பாதுகாப்புக்காக வெளித்தொடர்பை அறுத்துவிடும். மீட்டர் வைத்தால் பூஜ்ஜியம் காட்டும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குப் பேட்டரி இருப்பதே தெரியாது, அதனால் சார்ஜும் ஏற்றாது. செத்துவிட்டது என்று நினைத்து நல்ல பேட்டரியை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஜீப்பின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் இணைத்து, பாசிட்டிவ் வயரின் நடுவே ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடராக வைத்தால் கரன்ட் கட்டுக்குள் ஏறும். சிறிது நேரத்தில் பேட்டரி விழித்துக்கொள்ளும். பல்பு இல்லாமல் நேராக இணைக்கக் கூடாது. இந்த நிலைக்கே வராமலிருக்க, கன்ட்ரோலரில் லோடு அறுபடும் அளவை 12 வோல்ட்டில் வைத்துவிடலாம்.

கன்ட்ரோலர் 20 ஆம்பியர். பேட்டரி வகையை லித்தியம் என்று தேர்ந்தெடுத்து, நிறையும் அளவு 14.4 வோல்ட் என்று சரிபார்க்க வேண்டும். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியாக லோடு. கழற்றும்போது இதற்கு நேர்மாறு. வரிசை மாறிப் பேனலை முதலில் மாட்டினால் சில கன்ட்ரோலர் அதை 24 வோல்ட் என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரி இல்லாமல் வெயிலில் விட்டால் பேனலின் முழு வோல்ட்டும் லோடு பக்கம் வந்து, சாதாரண 5 வோல்ட் மாட்யூல்களை எரித்துவிடும். கார் சார்ஜர் 24 வோல்ட் வரை தாங்குவது இங்கே கூடுதல் பாதுகாப்பு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், சாக்கெட் வரிசைக்கு 15 ஆம்பியர் ஒன்று. ஃபியூஸ் போனால் செம்புக்கம்பி சுற்றும் வழக்கம் நம் ஊரில் எங்கும் உண்டு. புல்லும் மூங்கிலும் கொண்டு கட்டிய வீடுகளுக்கு நடுவே அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

இனி வயர். 100 வாட் பேனல் குளிர்ந்த நேரத்தில் 18 வோல்ட்டில் வேலை செய்யும். சித்திரை வெயிலில் தகரக்கூரைமேல் அது 60 டிகிரிக்குச் சூடாகும்போது 15.5-க்கு இறங்கிவிடும். பேனலிலிருந்து பெட்டிக்கு 10 மீட்டர், 1 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர் இழுத்திருந்தால், போய்வர 20 மீட்டரில் 2 வோல்ட் விழும். மிச்சம் 13.5. பேட்டரி நிறைய 14.4 வேண்டும். ஆகவே கொளுத்தும் வெயிலிலும் பேட்டரி நிறையவே நிறையாது. பேனல் மட்டம் என்று பழி சொல்லிப் புதுப் பேனல் கேட்பார்கள். அதையும் அதே வயரில் மாட்டுவார்கள். பேனலுக்குத் தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிள் இழுத்தால் விழுவது அரை வோல்ட்தான். குரங்கும் அணிலும் கடிக்காமல் பிவிசி குழாய்க்குள் கொண்டுவர வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒரு மழையில் பச்சை பூத்துவிடும்.

போன் கேபிளிலும் இதே கதைதான். மலிவான மெல்லிய கேபிளில் 2 ஆம்பியர் போனால் ஒரு மீட்டரிலேயே முக்கால் வோல்ட்டுக்கு மேல் விழும். ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டியது மூன்று மணி நேரம் இழுக்கும், பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். அரை மீட்டர் நீளத்தில் தடித்த கேபிள்களைப் பெட்டியோடு கட்டிவைத்துவிடுவது நல்லது.

பேனல் தென்திசை பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருந்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். இங்கே சாய்வைவிட நிழல்தான் முக்கியம். பள்ளத்தாக்குக் குடிகளில் கரட்டைத் தாண்டி வெயில் விழவே ஒன்பது மணி ஆகும். பிறகு ஒரு கிளையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் கைநீளம் விழுந்தாலும் பாதி உற்பத்தி போய்விடும், உள்ளே செல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால். ஆகவே காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை ஒரு நாள் முழுக்க நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டே இடம் குறிக்க வேண்டும். தனிக் கம்பம் நட்டால் யானை சாய்த்துவிடும், ஓட்டுக்கூரைமேல் சட்டம் அடித்துப் பொருத்துவதே பாதுகாப்பு.

பழுது பார்க்க ஒரு சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். உச்சி வெயிலில் பேனல் வயரைக் கழற்றி அளந்தால் 20-க்கு மேல் காட்ட வேண்டும். காட்டுகிறது, மாட்டியதும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பேனல் வயர்களைச் சேர்க்கும் எம்சி4 கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பின் கருகி, பிளாஸ்டிக் விளிம்பு உருகி வளைந்திருக்கும். சரியாக அழுத்திச் சேர்க்காத பின் சூடாகிச் சூடாகி அப்படி ஆகிறது. இந்த ஒரு கனெக்டருக்காக ஒரு குடி முழுவதும் மாதக்கணக்கில் போன் இல்லாமல் இருப்பது எங்களால் பொறுக்க முடியாத விஷயம்.

பயன்படுத்துவோருக்கும் சில விவரங்கள். போனைப் பகலிலேயே சார்ஜ் போட்டுவிட்டால் பேட்டரியின் மேல் சுமை குறையும். வெயிலிலோ பேனலின் அடியிலோ போனை வைக்கக் கூடாது. 45 டிகிரியைத் தாண்டினால் போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். எல்லையில் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் இடையே தாவித்தாவியே பேட்டரியைத் தின்கிறது. நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, கிடைக்கும் ஒன்றில் நிறுத்திவிட்டால் கணிசமாக மிச்சமாகும். சிக்னலே இல்லாத வீட்டில் ஃபிளைட் மோடில் வைப்பது நல்லது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் பிஎல்-5சி பேட்டரி ஒன்றைக் கூடுதலாக வாங்கிச் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

அரசிடமும் அறக்கட்டளைகளிடமும் நாங்கள் கேட்பது இதுதான். பழங்குடியினருக்கான பி.எம். ஜன்மன் திட்டத்தில் கம்பி எட்டாத வீடுகளுக்குச் சோலார் உண்டு. ஆனால் அது மிகவும் நலிந்த பழங்குடிகள் என்ற பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். காடர்கள் கேரளத்தில் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் இல்லை. முதுவர்கள் இரண்டு பக்கமும் இல்லை. ஒரே மலையில், ஒரே இருட்டில் இருப்பவர்களை எல்லைக்கோடு பிரிக்க வேண்டாம். மாநில அரசின் பழங்குடியினர் நல நிதியிலிருந்தாவது இந்தப் பொதுப்பெட்டியைக் கொடுக்கலாம்.

டெண்டரிலேயே உதிரிப் பாகங்களையும் எழுதிவிட வேண்டும்: கார் சார்ஜர் ஆறு, கேபிள் பத்து, இரண்டு அளவிலும் பிளேடு ஃபியூஸ் இருபது, எம்சி4 கனெக்டர் நான்கு ஜோடி, கன்ட்ரோலர் ஒன்று, மீட்டர் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒரு பையில் அடங்கும். குடியிலேயே இரண்டு பேருக்கு, அதில் ஒருவராவது பெண்ணாக, இரண்டு நாள் பயிற்சி. ஆண்கள் தேன், கிழங்கு, கூலிவேலை என்று வெளியே போய்விடும் நாட்களில் பெட்டியைத் திறக்க ஆள் வேண்டுமே.

சின்னாறு, அமராவதிப் பக்கம் மழைமறைவுப் பகுதி. இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஓடைகளில் தண்ணீர் ஏறினால் பல குடிகளுக்குக் கீழே இறங்க வழியிருக்காது. உதிரிப் பை புரட்டாசிக்குள் மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சோலார் பொருத்துநர்கள், பழுது பார்ப்போர்,
உடுமலைப்பேட்டை வட்டாரம்.