லாங்யர்பியனிலிருந்து அப்பாவுக்கு

லாங்யர்பியன், ஸ்வால்பார்ட்
செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலிக்கு வைத்தியரைப் பார்த்தாயிற்றா? போனில் பேசும்போதெல்லாம் "அப்படி அங்கே என்னதான் வேலை?" என்று கேட்கிறீர்கள். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நின்றுபோகிறது. மரம் சம்பந்தப்பட்ட வேலை, உங்களுக்குத்தான் சரியாக விளங்கும் என்று எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஊர் நார்வேக்கும் வடக்கே, கடலுக்கு நடுவில் இருக்கிறது. ஜனம் சுமார் 2,500. நிலக்கரிக்காக 1906-ல் அமெரிக்கக்காரர்கள் போட்ட ஊர். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கரித்தூள் காலத்துப் பழக்கமாம். அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

பெரும்பாலான வீடுகள் மரத்தால் ஆனவை. தரையை விட்டு எழும்பிக் கால்களின்மேல் நிற்கின்றன. வீட்டுச் சூடு மண்ணில் இறங்கிவிடாதபடி அடியில் குளிர்காற்று ஓட வேண்டும். ஏனென்றால் இங்கே பல வீடுகளுக்கு உறைந்த மண்தான் அஸ்திவாரம். கட்டையை ஆழ இறக்கிவிட்டால் மண் இறுகிக் கவ்விக்கொள்ளும். கோடையில் மேல்மண் ஒரு மீட்டர், சில இடத்தில் அதற்கும் மேல் இளகும். குளிரில் மறுபடி இறுகும். அதற்குக் கீழே வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும்.

அந்தக் கணக்குதான் இப்போது தப்புகிறது. 1971-லிருந்து பார்த்தால் இங்கே ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 4 டிகிரி ஏறியிருக்கிறது. மண் உருகினால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். மைனஸ் 6-ல் இருந்தது மைனஸ் 2-க்கு வந்தாலே பிடி தளர்ந்துவிடும். பள்ளத்தாக்கில் இருப்பது பழைய கடலடி மண். உப்பு இருப்பதால் பூஜ்யத்துக்குக் கீழேயும் அது முழுசாக இறுகுவதில்லை.

கோடை முடிகிற இந்தச் சமயத்தில்தான் இளக்கம் நன்றாக ஆழம் போயிருக்கும். இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி அழுத்துவேன். வழுக்கிக்கொண்டு இறங்கி, ஓரிடத்தில் 'ணங்'கென்று நிற்கும். அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்வோம். பிறகு வீட்டின் மூலைகளில் மட்டம் பார்ப்போம், கதவு நிலை கோணியிருக்கிறதா, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்ப்போம். வீட்டடியில் பனி குவிந்தால் அது கம்பளி போர்த்தியதுபோல், குளிரை மண்ணுக்குள் விடாது, அதையும் எழுதிக்கொள்வோம். வீடுகளுக்கு வழி இருக்கிறது. ஜாக்கி கொடுத்துத் தூக்கலாம், பாறை வரை இரும்புக் கால் இறக்கலாம். பணம்தான் வேண்டும்.

மனசை அறுப்பது பழைய ரோப்வே. சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு வாளிகளில் கரி கொண்டுபோனது, 1987-ல் நின்றுவிட்டது. அதன் மரத் தாங்கிகள் மலையோரமாக இன்னும் வரிசையாக நிற்கின்றன. 1943 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதில் இந்த ஊர் எரிந்தது, பழசு என்று மிஞ்சியதே கொஞ்சம். 1946-க்கு முன் மனிதர் விட்டுப்போனது எதுவானாலும் இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு, துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. ரோப்வேக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

அனுமதி வாங்கி ஒரு தாங்கியின் அடியைத் தோண்டினோம். இடுப்புயரத்தில் சுத்தியலால் தட்டினால் கணீரென்றது. தரைமட்டத்தில் பொத்தென்று சத்தம். குத்தூசி கட்டைவிரல் நீளத்துக்கு உள்ளே போய்விட்டது. இன்னும் கீழே, உறைமண்ணைச் சுரண்டித் துடைத்தபோது மரம் மஞ்சள் மாறாமல் இருந்தது, கோடாலி வெட்டின தடம்கூட மழுங்கவில்லை. அந்தக் குளிரில் பூஞ்சை வளராது. இளக்கம் ஆழம் போகப் போக அந்த நல்ல மரமும் அழுகும். நீங்கள் பக்கத்தில் இருந்து தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் அப்பா.

வடமேற்கே திமிங்கில வேட்டைக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன, 17, 18-ஆம் நூற்றாண்டுக்காரர்கள். 1980-ல் டச்சு ஆய்வாளர்கள் தோண்டியபோது அவர்கள் போட்டிருந்த கம்பளித் தொப்பிகள் மண்டையோட்டில் அப்படியே இருந்தன. அவை இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லிக்னெசெட் என்ற இடத்தில் சமீப வருடங்களில் தோண்டியபோது பெட்டிகள் நொறுங்கி, துணியெல்லாம் மக்கிப்போயிருந்தது. தோண்டாமல் விட்டால் பத்திரமாக இருக்கும் என்ற பழைய நம்பிக்கை இங்கே இனி செல்லாது.

மேட்டில் உலக விதைக் கிடங்கு இருக்கிறது. 2016-ல் அதன் நுழைவுச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது; விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நுழைவை கான்கிரீட்டில் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அதற்காகக் கேட்க உலகமே இருக்கிறது. இந்த மரத் தாங்கிகளுக்காகக் கேட்பவர் கொஞ்சப் பேர்தான். அதனால்தான் நான் விடாமல் பேசுகிறேன்.

எங்கள் குழுவில் சிலர் தாங்கியின் கால்களை முழுசாக மாற்றிவிடலாம் என்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. அழுகின அடியை மட்டும் எடுத்துவிட்டு மேலே இருக்கும் மரத்தைக் காப்பாற்ற வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுத் தேக்குத் தூணுக்கு, மேல்பாரத்தை முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, அடியை மட்டும் அறுத்து ஒட்டுப் போட்டீர்களே, அதை எனக்குப் படமாக வரைந்து கொடுங்கள். ஒட்டு எவ்வளவு நீளம், முளை எத்தனை, முட்டு எங்கே கொடுத்தீர்கள் எல்லாம் வேண்டும். இங்கே இருப்பது பைன் வகை மரம், தேக்கின் உரம் கிடையாது. அதை மனதில் வைத்துச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் கூட்டம் இருக்கிறது. அளவுகளை இஞ்சிலேயே போடுங்கள், நான் மாற்றிக்கொள்கிறேன். தம்பியிடம் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான்.

உங்கள் அன்பு மகள்