ஒப்புதல் படிவத்தோடு தரவுக் கோப்பையும் பாருங்கள்: ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியும் கைக்கடிகாரமும் குறித்துவைக்கும் உறக்கம், நடை, இருப்பிடம், மனநிலை ஆகியவற்றைக் கொண்டு மக்களின் உடல்நலத்தை மேம்படுத்த முயலும் ஆய்வுகள் இன்று நிறைய நடக்கின்றன. அத்தகைய ஆய்வுகளுக்குத் தரவு சேகரிக்கும் முறையை வடிவமைப்பதும், வந்து சேர்ந்த தரவைச் சரிபார்ப்பதும், காப்பதும் எங்கள் வேலை. உங்களிடம் ஒரு கோரிக்கை. அனுமதி தருவதற்கு முன் ஒப்புதல் படிவத்தை மட்டும் படிக்காதீர்கள். 5 பேரிடம் 14 நாட்கள் முன்னோட்டமாகச் சேகரித்த மூலக் கோப்பையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பங்கேற்பாளரைப் பாதிக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை படிவத்தில் தெரியாது, கோப்பில் தெரியும்.

இந்த ஆய்வுகள் தேவை என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்பட்ட வலியுள்ளவர்களுக்குக் காகித நாட்குறிப்பு கொடுத்தார்கள். அது எப்போதெல்லாம் திறக்கப்படுகிறது என்பதை உறைக்குள் மறைந்திருந்த ஓர் ஒளி உணரி பதிவு செய்தது. குறித்த நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டியது 90 சதவீதம். உண்மையில் எழுதியது 11 சதவீதம்தான். மின்னணு நாட்குறிப்பு வைத்திருந்தவர்களிடம் அது 94 சதவீதம். நினைவிலிருந்து பிறகு எழுதுவதற்கும், அந்த நேரத்திலேயே பதிவதற்கும் அவ்வளவு தூரம். ஆனால் தரவுக்கு மதிப்புக் கூட்டும் அதே நேரக்குறியும் இடக்குறியும்தான் ஆளைக் காட்டியும் கொடுக்கின்றன.

இருப்பிடத் தரவைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை அதிகம். ‘பெயர் நீக்கப்பட்டது’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பதைக் கண்டு நிறைவு கொள்ளாதீர்கள். 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த கட்டுரை, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதும் என்று நிறுவியது. அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை கைப்பேசி எங்கே கிடக்கிறதோ அதுதான் வீடு. வேலைநாள் பகலில் எங்கே இருக்கிறதோ அதுதான் பணியிடம். இந்த இரண்டும் தெரிந்தபின் பெயர் எதற்கு? அட்சரேகையை மூன்று தசம இடங்களுக்குச் சுருக்கினால் துல்லியம் சுமார் 110 மீட்டர். வீடுகள் நெருக்கமில்லாத இடத்தில் அது ஒரே குடும்பத்தைத்தான் குறிக்கும். எல்லோருடைய தடங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் மறைந்துவிடும் என்பதும் நடக்காது. உடற்பயிற்சிச் செயலி நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட உடற்பயிற்சித் தட வரைபடத்தில் ராணுவத் தளங்களின் அமைப்பு தெரிந்ததை 2018 ஜனவரியில் உலகமே பார்த்தது.

இதற்கு வழி இருக்கிறது. அன்றைய நாளில் போன இடங்களின் எண்ணிக்கை, வீட்டில் இருந்த நேரம், கடந்த தூரம் ஆகியவற்றைக் கைப்பேசிக்குள்ளேயே கணக்கிட்டு, அந்த எண்களை மட்டும் சர்வருக்கு அனுப்பினால் போதும். மனச்சோர்வையும் நடமாட்டத்தையும் இணைத்துப் பார்க்கும் பல ஆய்வுக் கேள்விகளுக்கு இதற்கு மேல் தேவைப்படாது. தேவை என்று ஆய்வாளர்கள் சொன்னால், எந்தக் கேள்விக்கு, ஏன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒலிப்பதிவும் அப்படித்தான்: சத்தத்தின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சை அங்கேயே அழித்துவிட வேண்டும். பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்து, கோப்பில் உள்ள வெற்றிடங்கள். பேட்டரியைச் சேமிக்க இயங்குதளம் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவைக்கும். ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து இது உண்டு, சில தயாரிப்பாளர்களின் கருவிகளில் இன்னும் கடுமை. இதற்காவது பங்கேற்பாளரின் மனநிலையோடு தொடர்பில்லை. மனம் சோர்ந்திருக்கும் நாளில் ஒருவர் கடிகாரத்தைக் கட்டாமல் விடலாம், சார்ஜ் போட மறக்கலாம். அப்போது எந்த நாட்களை அறிய ஆய்வு தொடங்கியதோ அதே நாட்கள் கோப்பில் இருக்காது. இருக்கும் நாட்களுக்கு மட்டும் சராசரி எடுத்தால் எல்லோரும் நலமாக இருப்பதாக வரும். இதைவிட மோசம், தரவு வராத இடத்தில் 0 என்று பதிவாவது. நடக்காதவரும் கடிகாரம் கட்டாதவரும் ஒன்றாகிவிடுவார்கள். ஆகவே செயலி 15 நிமிடத்துக்கு ஒருமுறை ‘இயங்குகிறேன்’ என்று ஒரு வரி எழுத வேண்டும். அதில் பேட்டரி அளவு, கடிகாரம் தோலில் படுகிறதா, எந்தெந்த அனுமதிகள் இருக்கின்றன என்பவை இருக்க வேண்டும். முன்னோட்டக் கோப்பில் ஒரு வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டி, ‘இது ஏன்?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அனுமதியைத் தள்ளிவையுங்கள்.

கடிகாரம் சொல்வதெல்லாம் அளவீடு அல்ல. அசையாமல் விழித்துப் படுத்திருப்பதை அது பெரும்பாலும் உறக்கமாகவே எண்ணும். தூக்கமின்மையை ஆராய்பவருக்கு இந்தப் பிழை மிகப் பெரியது. பட்டை தளர்ந்தால் நாடித் துடிப்பு தவறும். தள்ளுவண்டியைப் பிடித்து நடந்தால் கை ஆடாது, அடிகள் குறையும். நடுவில் மென்பொருள் புதுப்பிப்பு வந்து கணக்கிடும் முறை மாறினால், பங்கேற்பாளர் மாறிவிட்டதுபோல் தெரியும். கருவியின் மாடலும் மென்பொருள் பதிப்பும் ஒவ்வொரு பதிவோடும் இருக்கட்டும். நேரத்தை உலகப் பொது நேரத்திலும் (UTC), அதற்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனி நெடுவரிசையிலும் சேமிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பயணம் போனவர் பகலில் உறங்கியதாகப் பதிவாகும்.

மனநிலைக் கேள்விகள் நாளுக்கு 5 முறைக்குள், ஒவ்வொன்றும் 2 நிமிடத்துக்குள் இருப்பது நல்லது. அரை மணி நேரத்தில் காலாவதியாகாத கேள்விகளை இரவில் மொத்தமாக நிரப்பிவிடுவார்கள். பழைய காகித நாட்குறிப்பின் கதையாகிவிடும். இரவுப்பணி செய்பவர் தன் நேரத்தைத் தானே தேர்ந்தெடுக்க வழி வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மனச்சோர்வை அளவிடும் பிஎச்கியூ-9 வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்ற எண்ணத்தையும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதிகாலை 2 மணிக்கு ஒருவர் ‘ஏறக்குறைய தினமும்’ என்று அழுத்துகிறார். அந்தப் பதிலை யார் பார்க்கிறார், எத்தனை மணி நேரத்துக்குள், அவர் விடுப்பில் இருந்தால் யார்? விண்ணப்பத்தில் இது எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வு முடியும்வரை யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால், அதைப் பங்கேற்பாளருக்குத் தெளிவாகச் சொல்லி, உதவி எண்ணை அதே திரையில் உடனே காட்ட வேண்டும். இந்த இரண்டில் எதற்கும் ஏற்பாடு இல்லாத ஆய்வுக் குழுவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க அனுமதி தரக்கூடாது.

விலகும் உரிமையைப் படிவம் தருகிறது. அது நடைமுறையில் இயங்குகிறதா என்பதை முன்னோட்டத்தில் சோதிக்கலாம்: ஒருவரின் தரவை உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லி, காப்புப் பிரதியிலும் போய்விட்டதா என்று தேடச் சொல்லுங்கள். அங்கே தங்கிவிடுவதுதான் வழக்கம். பகுப்பாய்வு தொடங்கியபின் அழிக்க முடியாது என்றால் அந்தத் தேதி படிவத்தில் இருக்கட்டும். ஆய்வு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் தரவை, படித்தால் புரியும் வடிவில் திருப்பித் தர வேண்டும். நடுவிலேயே காட்டினால் நடத்தை மாறலாம் என்று ஆய்வாளர்கள் அஞ்சுவது நியாயமே. அதனால் தாமதிக்கலாம், தராமல் விடக்கூடாது.

முன்னோட்டக் கோப்பும் ஐந்து பேரின் வாழ்க்கைதான். அவர்களிடம் இந்தப் பார்வைக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். மின்னஞ்சலில் கேட்காதீர்கள், ஆய்வுக் குழுவின் கணினியிலேயே, அவர்கள் முன்னிலையில் பாருங்கள். தரவைப் படிக்கத் தெரிந்தவர் உங்கள் குழுவில் இல்லையென்றால், அந்த ஆய்வில் பங்கில்லாத புள்ளியியல் ஆசிரியர் ஒருவரை அன்று ஒரு மணி நேரம் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அன்றாட வாழ்வுத் தரவு ஆய்வுகளில் பணிபுரிவோர்