இல்லை என்றால் இல்லை என்று சொல்லலாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் என் பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. பழைய கார்ட்ரிட்ஜில் இருந்த மூன்று இலக்க எண்ணைப் பார்த்து, ஓர் ஆன்லைன் கடையின் தேடல் பெட்டியில் அடித்தேன். பக்கம் நிறையக் கார்ட்ரிட்ஜ்கள் வந்தன. முதலில் இருந்ததை வாங்கிவிட்டேன். பார்சலைப் பிரித்த பிறகுதான் கடைசி இலக்கம் வேறு என்பது கண்ணில் பட்டது. நான் கேட்ட எண் அந்தக் கடையில் இல்லவே இல்லை. அதைச் சொல்ல ஒரு வரி கூட அந்தப் பக்கத்தில் கிடையாது.

எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கட்டியது என் தப்பு, சரி. ஆனால் கடைக்கு நேரில் போயிருந்தால், "அது இல்லைங்க, இதுதான் இருக்கு, உங்க மெஷினுக்குச் சேருமான்னு பாருங்க" என்று சொல்லித்தானே எடுத்துக் கொடுப்பார்கள்?

எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் தேடல் நல்ல விஷயம்தான். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் கணக்கு அது. சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965இல் வகுத்தது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் இதைத் தானியங்கியாக விட்டால், 3 முதல் 5 எழுத்து வரை உள்ள சொல்லில் ஒரு பிழையையும், அதைவிட நீண்ட சொல்லில் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும். சொல்லுக்கு இது சரி. மாடல் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பொருளே வேறாகிவிடுகிறதே! அப்படித் தளர்த்தித் தேடியது கடையின் கணினிக்குத் தெரியும். தெரிந்ததை, "நீங்கள் கேட்டது இல்லை, நெருக்கமானவற்றைக் காட்டுகிறோம்" என்று பட்டியலுக்கு மேலேயே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

அறிவிப்பே போடத் தெரியாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. பேட்டரி உள்ள பொருள்கள் விமானத்தில் வராது, தாமதமாகும் என்று ஒரு மஞ்சள் பட்டை அதே கடையில் நிரந்தரமாகத் தொங்குகிறது. நோட்டுப் புத்தகம் தேடினாலும் அதுதான், தலையணை உறை தேடினாலும் அதுதான். நாலு நாளில் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். அப்புறம் உண்மையிலேயே பேட்டரி வாங்கும்போது யார் படிப்பார்கள்? தேடலில் பேட்டரி வந்தால் காட்டு, வராவிட்டால் மறை என்று ஒரு நிபந்தனை போட்டால் போதும்.

இன்னொன்று. பார்வையற்ற நண்பர் ஒருவர், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்து வாங்குகிறார். பட்டை திரையில் வந்தாலும், நிரலில் அதை நிலைச் செய்தி, அதாவது பக்கத்தில் என்ன நடந்தது என்று சொல்லும் அறிவிப்பு, என்று குறிக்காவிட்டால் அது தானாக அவர் காதுக்கு எட்டாது. 2018இல் வந்த இணைய அணுகல் நெறிமுறை 2.1, 4.1.3 என்ற விதியில் இதைக் கேட்கிறது. கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் நான் ஏமாந்தது ஒரு முறை. அறிவிப்பு இருக்கும் கடைகளிலும் அவர் ஏமாறலாம்.

கார்ட்ரிட்ஜைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்தது. 'நான் தேடியது இதுவல்ல' என்ற வரி அதில் இல்லை. 'மனம் மாறிவிட்டது' என்பதைத் தொட்டுவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்