ஊருக்கு ஒரு சிட்

மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு வேலை வந்துவிடுகிறது. தம்பிக்குப் பையன் பிறந்திருக்கிறான், போன வெள்ளிக்கிழமை பேர் வைத்தோம், அப்பா பேர்தான். அம்மா வாழ்நாளில் அப்பா பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போது பேரனையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்கிறது. தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "என்ன பெரியவரே, தூக்கம் வரலையா" என்று கேட்கிறது. அப்பா போன இந்த இரண்டு வருஷத்தில் செல்லூர் வீட்டில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஃபைனல் ஃபேண்டசி வீடியோ கேமில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உலகம் வேறு, ஆட்கள் வேறு, கதை வேறு, அப்புறம் எதற்கு ஒரே பேரில் 1987லிருந்து 2023 வரை பதினாறு பாகம், அதை நீ ஏன் இன்னும் விடாமல் ஆடுகிறாய் என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தால் என் பதில் ஒரே சொல்தான்: சிட்.

1988இல் வந்த இரண்டாவது ஆட்டத்தில் ஆகாயக் கப்பல் வைத்திருக்கிற ஒருவனாக முதலில் வந்தான். அதிலிருந்து எந்த உலகத்துக்குப் போனாலும் சிட் என்று ஒருவர் இருப்பார், பெரும்பாலும் இயந்திரம், கப்பல் என்று கையில் கிரீஸோடு. ஆனால் ஒரு சிட்டுக்கும் அடுத்த சிட்டுக்கும் எந்த உறவும் கிடையாது. பாப்பா இப்போது போனில் ஐந்தாவதை ஆடிக்கொண்டிருக்கிறாள், பழைய ஆறு ஆட்டங்களையும் புதுப்பித்து விட்டிருக்கிறார்களே, அதில் ஒன்று. அதில் வரும் சிட், நெருப்புப் படிகத்தின் சக்தியை இழுக்கிற இயந்திரத்தைச் செய்தவர். படிகம் வெடித்துச் சிதறியதும் தன்னால்தான் என்று மனசு உடைந்து முடங்கிப்போகிறார். அவரை எழுப்பி உட்கார வைப்பது அவருடைய பேரன், மிட் என்ற பொடியன். அதைப் பார்த்துவிட்டு பாப்பா, "நீ ஆடுற கேம்லயும் சிட் இருக்காரே, அவரும் இவரும் ஒருத்தரா" என்று கேட்டாள். இல்லை, பேர் மட்டும்தான் ஒன்று என்றேன். "அப்ப நம்ம பாப்பு மாதிரி" என்றாள், தொட்டிலைக் காட்டி.

பேரன் என்ற சொல்லே பெயரன்தானே மாப்ள. தாத்தாவின் பேரைச் சுமப்பவன். சுமக்கிறான் என்பதற்காக அவன் தாத்தா ஆகிவிடுவதில்லை, ஆனால் அந்தப் பேரைச் சொல்லி ஒருவன் வாசலில் வந்து நின்றால் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பார்கள். முன்பின் தெரியாத ஓர் உலகத்தில் முதல் மணி நேரம் நமக்கு எதுவும் பிடிபடாது, ராஜ்ஜியத்தின் பேர் வாயில் நுழையாது, அப்போது யாரோ "சிட்டைப் போய்ப் பார்" என்று சொன்னதும் நமக்குத் தெரிந்த ஆள் இந்த ஊரிலும் இருக்கிறான் என்று ஒரு தெம்பு வருகிறது பார், அதற்காகத்தான் ஆடுகிறேன்.

நாம் இருவரும் சேர்ந்து பார்த்த சிட் ஏழாவதில் வந்தவன்தான், இன்றைக்கும் எனக்கு அவனை மிஞ்ச ஆள் இல்லை. வாயில் சிகரெட், கையில் ஈட்டி. விண்வெளிக்குப் போகிற முதல் மனிதன் ஆக வேண்டியவன், ராக்கெட் கிளம்புகிற நேரத்தில் ஷெரா என்ற பெண் உள்ளே ஆக்சிஜன் தொட்டியைச் சோதித்துக்கொண்டிருந்ததால் நிறுத்திவிட்டான். அதற்காக வருஷக்கணக்காக அவளை ஏசுவான், டீ போடச் சொல்லி அதட்டுவான், அவளும் பேசாமல் போட்டுக்கொடுப்பாள். அந்தக் காட்சியில் எனக்கு அவன்மேல் வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு ஒருநாள் ராக்கெட் நிஜமாகவே வானத்துக்குப் போகும், அவள் சந்தேகப்பட்ட அதே எட்டாம் நம்பர் தொட்டி வெடிக்கும். அப்போதுதான் அவனுக்குப் புரியும். நீ அன்றைக்குக் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய்.

பத்தாவதில் வரும் சிட் வேறு மாதிரி. கதாநாயகி யூனாவின் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர், அதாவது தாய்மாமன். உலகத்தைக் காப்பாற்றப் புனித யாத்திரை போகிற பெண் கடைசியில் செத்துப்போவாள் என்று தெரிந்ததும், நீங்களும் வேண்டாம் உங்கள் யாத்திரையும் வேண்டாம் என்று ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரமாக வைக்கப் பார்ப்பார். தங்கச்சி மகளுக்காக ஊரையே பகைத்துக்கொள்கிற மாமன்களை நம் பக்கம் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! பன்னிரண்டில் சிட்டை வில்லனாக்கினார்கள், அது நல்ல துணிச்சல். பதிமூன்றில் ஓர் இளம் படை அதிகாரிக்கு அந்தப் பேரை வைத்தார்கள், எனக்கு ஒட்டவே இல்லை.

பதினாறை நீ ஆடப்போவதில்லை என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன். அதில் சிட் பாதியிலேயே இறந்துவிடுகிறான். அடிமைப்பட்டவர்களுக்கு ஒளிந்து வாழ ஓர் இடம் அமைத்துக் கொடுத்தவன். அவன் போனபின் கதாநாயகன் கிளைவ் அந்த வேலையோடு சேர்த்து அந்தப் பேரையும் எடுத்துக்கொள்கிறான், அதன்பின் ஊர் அவனைத்தான் சிட் என்கிறது. முப்பத்தைந்து வருஷமாக ஆட்டத்துக்கு வெளியே நடந்துகொண்டிருந்த ஒன்றை அப்படியே கதைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா என்றதும் இன்னொன்று. ஷிவா ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது ஆட்டத்திலிருந்தே வருகிற, சண்டையில் துணைக்கு அழைக்கிற தெய்வங்களில் ஒன்று, இஃப்ரித் நெருப்பு, ராமு இடி, ஷிவா பனி, அதுவும் நீல நிறப் பெண். திரையில் அந்தப் பேரைப் படித்துவிட்டு அம்மா பதறியதும், அப்பா செய்தித்தாளை இறக்காமலே "கைலாசத்துல பனிதானே இருக்கு, சரியாத்தான் வச்சிருக்காய்ங்க" என்றதும்! மீனாட்சி ஆட்சி செய்கிற ஊரில் இருந்துகொண்டு பெண்ணாக வந்ததைத் தப்பு சொல்ல முடியுமா என்று நீ சேர்த்துக்கொண்டாய்.

மாறாமல் வருவது போதாது, கொஞ்சம் மாறியும் வர வேண்டும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவார் என்று எல்லோருக்கும் தெரியும், அதே தங்கக் குதிரை, அதே வைகை, ஆனாலும் விடிய விடிய முழித்து நிற்கிறோம், இந்த வருஷம் என்ன பட்டு, பச்சையா சிவப்பா என்று பார்க்க. எனக்கு ஒவ்வொரு புது ஆட்டமும் அப்படித்தான். ஏறிச் சவாரி செய்கிற சோகோபோ பறவை வரும், மூகிள் என்ற குட்டிப் பிராணி வரும், இசையமைப்பாளர் நொபுவோ உவேமட்சு முதல் ஆட்டத்துக்குப் போட்ட அந்த ஏறி இறங்குகிற யாழ் இசை எங்காவது கேட்கும், சண்டையில் ஜெயித்தால் அந்தக் குட்டி எக்காளம். சும்மா பொம்மை மாதிரி மூலையில் நிறுத்திவிட்டுப் போகும்போது மட்டும் எனக்கு வருத்தம். கில்கமேஷை எப்படிப் பயன்படுத்தினார்கள் பார்! ஐந்தாவதில் பெரிய பாலத்தில் வந்து மிரட்டிவிட்டு ஓடுகிறவன், கடைசியில் நமக்காகவே உயிரைக் கொடுக்கிறான் என்று நினைக்கிறோம். ஏழு வருஷம் கழித்து 1999இல் எட்டாவது ஆட்டத்தில் ஓடின் என்ற அழைப்புத் தெய்வத்தை எதிரி சைஃபர் இரண்டாக வெட்டிப்போடுகிறான், கீழே கிடக்கிற வாளை எடுக்க ஒரு கை நீள்கிறது, சிவப்புத் துணி பறக்கிறது, யார் என்று பார்த்தால் இவன். பாப்பா நேற்றுத்தான் அந்தப் பாலத்தைத் தாண்டினாள். எட்டாவதைப் பற்றி அவளிடம் வாயே திறக்கவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

சித்திரைக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், டிக்கெட்டைச் சீக்கிரம் போட்டுவிடு. நம் பழைய பிளேஸ்டேஷன் இன்னும் ஓடுகிறது, மூடிதான் சரியாக நிற்காது, மேலே அகராதியை வைத்துவிட்டால் போதும். என் மெமரி கார்டை அந்தக் காலத்திலேயே மணிக்கணக்கில் காசு கொடுத்து கேம் ஆடுகிற கடையில் யாரோ அழித்துவிட்டார்கள், உன்னுடையது உன்னிடம்தான் இருக்கும். மலை, ஆறு, கடல் எல்லாம் தாண்டுகிற தங்கச் சோகோபோவை ஒரு முழுப் பரீட்சை லீவில் வளர்த்தெடுத்து, அதற்குக் 'குதிரை' என்று நீ பேர் வைத்தாயே, அது அதில்தான் நிற்கிறது. மறக்காமல் எடுத்து வா. பாப்பாவை அதில் ஏற்றி, அந்தத் தனித் தீவுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

உன்,
செல்லூர்க்காரன்